செங்கோட்டைச் சீமைக்குப் போன கொழும்புக்காரர்

1959-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு காலை, தென்காசி ரயில் நிலையத்திலிருந்து இரண்டு குதிரை வண்டிகள் வந்து, அந்த ஊரிலேயே உள்ள கீழப்புலியூரில் மங்களேஸ்வரி வீட்டு வாசலில் நின்றன. முதல் வண்டியில் அவள் கணவர் குத்தாலிங்கம் இருந்தார். இரண்டாவது வண்டி முழுக்க அவருடைய தகரப் பெட்டிகள். கொழும்பிலிருந்து அவர் எப்போது வந்தாலும் ஒரு வண்டிதான் வரும். இரண்டாவதைப் பார்த்ததும் மங்களேஸ்வரி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்ன, இந்தத் தடவை சாமான் கூட இருக்கு?" என்றாள்.

"கூட இல்லட்டி. இருக்கிறதே அம்புட்டுத்தான்," என்றார் குத்தாலிங்கம். "இனிமே போகண்டாம். ஒரேயடியா வந்துட்டேன்."

அவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவே பார்த்து, பாவம், பதினாலு வருஷம் தனியாக இருந்தவள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்றது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். சந்தேகம் வந்தது இரண்டாவது வாரத்தில்.

அந்தத் தெருவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பலர். ஒருவர் சொத்துப் பாகத்தில் வயல் கைவிட்டுப் போனதால் போனார். ஒருவர் மழை பொய்த்ததால் போனார். இன்னொருவர் மாமியார் கூடவே வந்து தங்கிவிட்டதால் போனார் என்று பேச்சு. யாரைக் கேட்டாலும் வெளியில் சொல்லுகிற காரணம் சம்பாத்தியம்தான். குத்தாலிங்கம் போன காரணம் மங்களேஸ்வரிக்குத் தெரியும். அது ஒரு கல்யாணப் பந்தி.

இலஞ்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன், ஊர் கேட்கச் சொன்னார்: "இந்தப் பய அப்பளத்தை நொறுக்குததைத் தவிர வேற என்னத்தச் சாதிச்சிருக்கான்?" குத்தாலிங்கத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். "நான் அடுத்த வாரம் கொழும்புக்குப் போறேன். போய்ச் சாதிக்கேன்," என்றார்.

கொழும்பில் அவருக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. கோபத்தில் வாயில் வந்த முதல் ஊர் அது. சாயங்காலம் கோபம் இறங்கியதும் பேச்சை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் கை கழுவுகிற இடத்திலேயே ஒரு பெரியவர் வந்து, "தம்பி, எங்க மச்சினன் கொழும்புல புறக்கோட்டையில ஜவுளிக்கடை வச்சிருக்கான். அவனுக்குக் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பணும்," என்றார். மறுநாள் ஜாடி வீட்டுக்கே வந்துவிட்டது. வாய் கட்டிய ஜாடி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது போகாமல் எப்படி இருப்பது? தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல் ஏறினார். ஊறுகாயை வாங்கிக்கொண்டவர் அவரையும் கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பதினாலு வருஷம் அந்தக் கடையில் சேலையும் வேட்டியும் கிழித்துக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து ஒரு மாதம் இருப்பார். இப்போது அந்த நாட்டு அரசாங்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. திரும்பி வந்ததற்கு அவர் பலவிதக் காரணம் சொன்னார். சவரக் கடையில், "கடல்காத்து ஒத்துக்கிடல" என்றார். கோவிலில், "விசுவநாதர் கூப்பிட்டார்" என்றார். மங்களேஸ்வரியிடம் மட்டும், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வேண்டாம்னுட்டான் மங்களம். ஒரு நாள் கூப்பிட்டு, உமக்குத் தேதி முடிஞ்சுதுங்கான். வாழைக்குலைக்குச் சொல்லுத மாதிரிச் சொல்லுதான்."

அன்று அவருக்கு இன்னொரு கரண்டி தயிர் விட்டாள். அவள் மனம் இளகிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

இந்தப் பதினாலு வருஷமும் வீடு ஒழுங்கில்லாமல் கிடந்ததாக மங்களேஸ்வரிக்குத் தோன்றியதில்லை. வயலைப் பண்ணையாள் சுடலைமாடனை வைத்துப் பயிர் செய்தாள். குற்றாலத்தில் மாமனார் விட்டுப்போன ஓட்டு வீட்டைச் சீசனில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். பெண்ணை வளர்த்து, அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தாள். கல்யாணத்துக்குக் குத்தாலிங்கம் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்து, பந்தலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார்.

இப்போது அவர் காலையில் எழுந்ததும் கொடியில் காய்கிற சேலைகளை எடுத்து, கடையில் அடுக்குவதுபோல நிறம் பிரித்து அடுக்கினார். மாற்றுச் சேலை எடுக்க அவள் தன் வீட்டிலேயே ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தது. வெளியே கிளம்பினால், "எங்கன போற? எப்ப வருவ?" என்று கேட்டார். பதினாலு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

சொதி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு பெண் தேங்காய்ப்பால் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு சொதி வைத்துப் பரிமாறினால் சாப்பிடுகிறவன் வாயைத் திறந்து ஒன்று பாராட்ட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். குத்தாலிங்கம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொழும்புச் சொதி இன்னும் கொஞ்சம் புளிப்பா இருக்கும்," என்றார்.

மறுநாள் முதல் ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் புளிக்குழம்புதான்.

வயலுக்கும் போனார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், வரிசை கோணலாக இருக்கிறது, கயிறு கட்டி நடுங்கள் என்றார். அன்று மாலை சுடலைமாடன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அம்மா, அண்ணாச்சி நல்லவியதான். இல்லைன்னு சொல்லல. ஆனா நாளைக்கு அவிய வந்தா நான் வரல. நான் வரணும்னா அவிய வரப்படாது," என்றான்.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. வீட்டைக் கவனிக்க நான் போகிறேன் என்று குத்தாலிங்கம் கிளம்பிப் போனார். நான்கு நாள் கழித்து மங்களேஸ்வரி எட்டிப் பார்த்தபோது, வருஷா வருஷம் தவறாமல் வருகிற சாத்தூர்க் குடும்பம் பெட்டி படுக்கையோடு வாசலில் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தது. கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'ஈரத் துணியுடனும் எண்ணெய்த் தலையுடனும் உள்ளே வரக் கூடாது' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

"குத்தாலத்துக்கு வாரவன் ஈரத்தோட வராம, வெயிலோடயா வருவான்?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி.

"தரை வீணாப் போகுதுல்லா," என்றார் குத்தாலிங்கம்.

அவள் அட்டையைக் கழற்றினாள். சாத்தூர்க்காரர்களின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். கணவரைத் தென்காசிக்கு அனுப்பினாள். பிறகு பேரருவியில் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு தண்ணீர் விழுந்தும் சூடு தணியவில்லை.

பக்கத்தில் அலிமா குளித்துக்கொண்டிருந்தாள். அவளும் தென்காசிதான். கணவர் மசூது பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் இருந்தார். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் பக்கத்து ஆட்களுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று.

"மங்களக்கா, எங்க வீட்டவிய ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வாராவ. புது மாப்பிள்ளை கணக்கா இருப்பாவ. எதை வச்சாலும் ருசிங்காவ. ஒரு மாசத்துக்கு மேல இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அல்லா அந்தச் சோதனையைக் கொடுக்கல."

"எனக்குக் கொடுத்துட்டான்," என்றாள் மங்களேஸ்வரி. "அலிமா, உங்க வீட்டவிய கிட்டச் சொல்லி இவியளையும் பினாங்குக்குக் கூப்பிட முடியுமா?"

"அங்கனயும் புதுசா ஆள் விடுததில்லையாம். கடைக்காரர் மகனுக்கே விசா கிடைக்கல."

அன்று அருவிக்கரையில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மங்களேஸ்வரி முடிவு செய்தாள். குத்தாலிங்கத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை. அவர் கொழும்பில் இருந்தபோது அவரை நினைத்துப் பல நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அப்படி நினைப்பதற்கு அவர் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டியிருந்தது.

அவளுடைய தம்பி பால்வண்ணநாதன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. உலக விஷயம் தெரிந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். அவனைக் கூப்பிட்டு, எந்த நாட்டுக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னாள். ஒரு வாரம் விசாரித்துவிட்டு வந்தான்.

"அக்கா, இலங்கையைச் சாத்தியாச்சு. மலேயாவைச் சாத்தியாச்சு. பர்மாவுல இருக்கவனே எப்ப மூட்டையைக் கட்டணுமோன்னு இருக்கான். ஒரு காலத்துல ஆள் வேணும்னு கங்காணியை அனுப்பிக் கூட்டிட்டுப் போனானுவ. இப்ப எல்லாவனும் வாசலைச் சாத்திட்டான்."

"ஒரு ஜன்னல் கூடவா திறந்திருக்கல?"

பால்வண்ணநாதன் யோசித்தான். "செங்கோட்டையில ஒரு ஜவுளிக்கடையில அனுபவஸ்தன் வேணும்னு கேட்டாவ. மாடியிலேயே ரூம் உண்டு. ஆனா அது அஞ்சு மைல்லா?"

மங்களேஸ்வரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "மூணு வருஷத்துக்கு முந்தி வரைக்கும் அது எந்த ராஜ்யம்லே?"

"திருவிதாங்கூர்."

"சுங்கச்சாவடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு மூட்டை அரிசி அங்கிட்டு இங்கிட்டுப் போக முடியாது."

"அப்ப வேற நாடுதான்," என்றாள் மங்களேஸ்வரி.

ஆனால் இதை நேராகச் சொல்ல முடியாது. கொழும்பு புறக்கோட்டையில் நின்றவரிடம் போய், செங்கோட்டையில் துணி கிழிக்கப் போகிறீர்களா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் கிளப்புவதற்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பந்தி வேண்டும்.

ஐப்பசியில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. வீட்டிலேயே சாப்பாடு போட்டார்கள். குத்தாலிங்கத்துக்கு எதிர் இலையில் பால்வண்ணநாதனை உட்கார வைத்தாள் மங்களேஸ்வரி. பாயசம் வருகிற நேரத்தில் அவன் ஆரம்பித்தான். அக்கா சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடக் கூடாது என்ற பயத்தில் கொஞ்சம் வேகமாகவே சொன்னான்.

"செங்கோட்டையில கடை நடத்துதது லேசில்ல. வாரவன் பூராவும் ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்து ஆளு. மலையாளம் பேசுதான். நம்ம பக்கத்து ஆளு எவனும் அங்கன நின்னு பிடிக்க முடியாது. எப்பேர்ப்பட்டவனா இருந்தாலும் ஒரு மாசத்துல ஓடி வந்துருவான்."

"பாஷை தெரியாட்டா என்ன மாப்ளே," என்றார் குத்தாலிங்கம். "நான் சிங்களம் படிச்சுட்டா போனேன்?"

"அத்தான், அது கொழும்பு. அந்தக் காலம். உங்களுக்கும் வயசாச்சு."

அப்பளம் இலைக்குப் போயிற்று. "எனக்கா வயசாச்சு? அடுத்த வாரம் செங்கோட்டைக்குப் போறேன். நின்னு காட்டுதேன்."

சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் மங்களேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, இந்த வயசுல பரதேசம் போறேங்காவளே," என்றாள். அது கொஞ்சம் அதிகப்படி என்று பால்வண்ணநாதனுக்குத் தோன்றியது.

குத்தாலிங்கம் தன் வாக்குப்படி கிளம்பினார். கொழும்புக்குக் கொண்டுபோன அதே பெட்டிகள், படுக்கைச் சுருள், கூஜா. ரயிலடிக்குத் தெருவே வந்தது. கேலி செய்யத்தான் பாதிப் பேர் வந்தார்கள். ஆனால் சுடலைமாடன் உண்மையான மகிழ்ச்சியோடு ஒரு பெரிய மாலை வாங்கிவந்து போட்டான். வண்டி புறப்படும்போது குத்தாலிங்கம் ஜன்னல் வழியே கையை நீட்டி, "உடம்பைப் பார்த்துக்க மங்களம்," என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கப் போகிற மனிதருக்காக இரண்டு பேர் அழுவதை, எதிரில் உட்கார்ந்திருந்த கொல்லத்துப் பிரயாணி மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. மாதம் ஒரு முறை குத்தாலிங்கம் ஊருக்கு வருவார். நினைத்தால் தினமும் சைக்கிளில் வந்து போகலாம். ஆனால் வெளிநாட்டுக்குப் போனவர் தினமும் வர முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வரும்போது நேந்திரங்காய் வறுவலும் பலாப்பழமும் வரும். அக்கம்பக்கத்துக்கும் பங்கு போகும். "அங்கன எல்லாம் மழை ஜாஸ்தி," என்று செய்தி சொல்வார். தென்காசியிலும் அதே மழைதான் பெய்திருக்கும். வைத்ததைச் சாப்பிட்டார். சேலை அடுக்குப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மங்களேஸ்வரி, "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போனா என்ன?" என்று கேட்பாள். "லீவு இல்லட்டி," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

மறு வருஷம் ஆவணியில் அவர் வரவில்லை. ஓணம் வியாபாரம், கடையில் கூட்டம், வர முடியாது என்று வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினார். அடுத்த மாதமும் வரவில்லை. மங்களேஸ்வரிக்கு முதலில் கோபம், பிறகு கவலை, பிறகு வேறு ஒரு யோசனை வந்தது. பதினாலு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூடக் கொழும்பைப் பார்த்ததில்லை. அங்கே எந்தத் தெருவில் நடந்தார், எங்கே தூங்கினார், யாரோடு சிரித்தார் என்று எதுவும் தெரியாது. இந்த நாட்டையாவது பார்த்துவிடுவோம் என்று காலை ரயிலில் ஏறினாள். சும்மா போகக் கூடாதே என்று ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டாள்.

கடை நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாசலுக்கு எதிரே வெற்றிலைக் கடை ஓரமாக நின்று பார்த்தாள். பாயில் ஐந்தாறு மலையாளப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குத்தாலிங்கம். கை ஒரு வீசு வீசினால் ஒரு முண்டு விரிந்து அந்தப் பெண்களின் மடி வரை போய் விழுந்தது. அவர் பேசியது தமிழும் மலையாளமும் சிங்களமும் கலந்த ஏதோ ஒரு பாஷை. அது அவருக்கு மட்டும் சொந்தமானது. அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். ஒரு கிழவி இரண்டு துணியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். அவர், வெளுத்ததை அவளிடமிருந்து மெல்ல வாங்கி மடித்து வைத்துவிட்டு, கரை போட்டதை அவள் தோளில் போட்டுக் கண்ணாடியைக் காட்டினார். கிழவி வெட்கப்பட்டாள்.

மங்களேஸ்வரி இருபது வருஷத்துக்கு மேல் அவருக்கு மனைவி. அவர் வேலை செய்து இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அவர் கை எதைத் தொட்டாலும் இடைஞ்சலாக இருந்தது. இங்கே அதே கை இவ்வளவு லகுவாக ஓடியது. உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "வரூ சேச்சி, இரிக்யூ. எந்தா வேண்டது?" என்றார்.

"ஒரு சேலை வேணும்," என்றாள். "ஆனா என் வீட்டுக்காரர் எப்ப வருவாவன்னு சொன்னாத்தான் வாங்குவேன்."

விரித்த துணி கையிலேயே நின்றது. காது வரைக்கும் சிவந்துபோனார். முதலாளியிடம், "நம்ம வீட்ல. ஊர்ல இருந்து வந்திருக்கா," என்றார். முதலாளி பதறிப்போய், அவ்வளவு தூரத்திலிருந்து வந்த அம்மாவுக்குக் காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினார். தென்காசியிலிருந்துதான் என்று அவள் சொல்லவில்லை.

மாடி அறை சின்னது. ஒரு கயிற்றுக்கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. மத்தியானம் அவரே சமைத்தார். அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. கட்டிலில் உட்கார வைத்துப் பரிமாறினார். எலுமிச்சம்பழம் கூடுதலாகப் பிழிந்த சொதி.

"எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றாள் மங்களேஸ்வரி. மூன்றாம் முறை ஊற்றிக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா ஏன் வரல?"

அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஓணக் கூட்டம் முடிஞ்சாச்சு. வந்திருக்கலாம். ஆனா வந்தா ரெண்டு நாள்ல உனக்குச் சலிப்பு வந்துருமோன்னு ஒரு இது. பந்தியில உன் தம்பி பாடம் ஒப்பிச்சான். அவன் வாய்க்கு அவ்வளவு பேச்சு வராதுன்னு எனக்குத் தெரியாதா மங்களம்?"

அவள் பிசைந்த சோற்றை இலையில் வைத்தாள். "தெரிஞ்சேவா கிளம்பினிய?"

"கொழும்புக்காரன் தேதி முடிஞ்சுதுன்னான், வந்தேன். நீயும் அதைச் சொல்லுததுக்கு முந்தி நானே கிளம்பிருவோம்னு தோணிச்சு. ஆனா ஒண்ணு. நீ மாலை போட்டு அனுப்பின. அங்கன அதுவும் இல்ல."

"மாலை சுடலைமாடன் போட்டது," என்றாள் மங்களேஸ்வரி. அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

சாயங்கால ரயிலுக்கு அவள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நாலாம் நாள் பால்வண்ணநாதன் தேடிக்கொண்டு வந்தான். அக்கா கடைப் பாயில் உட்கார்ந்து, அத்தான் விரிக்கிற துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? சொல்லாம கொள்ளாம வந்து நாலு நாளாச்சே."

"பரதேசம் வந்தா உடனே திரும்ப முடியுமாலே? நாலு இடம் பார்த்துட்டுத்தான் வரணும்," என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வருஷத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நடவும் சீசனும் நடக்கிற மாதங்களில் அவள் தென்காசியிலும் குற்றாலத்திலும் இருந்தாள். மற்ற மாதங்களில் செங்கோட்டைக்கு ரயிலேறினாள். 1964-இல் ரங்கூனில் கடைகளை அரசாங்கத்திடம் பறிகொடுத்த ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களும் அதில் இருந்தன. அப்படி வந்த ஒரு தம்பதிக்கு மங்களேஸ்வரி குற்றாலத்து வீட்டைத் திறந்துவிட்டாள். அவர்கள் இடம் பார்த்துக்கொண்டு போகிற வரைக்கும் அந்த வருஷம் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. அந்த ரங்கூன்காரர் நாள் முழுக்க அருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குத்தாலிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவர் பக்கத்தில் உட்காருவார்.

1966-இல் முழங்கால் வலி வந்து, கடையில் நிற்க முடியாமல் போயிற்று. குத்தாலிங்கம் பெட்டிகளோடு மறுபடியும் வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை காப்பியைக் கொடுத்துவிட்டு மங்களேஸ்வரி எதிரில் நின்றாள்.

"இன்னைக்கு என்ன செய்யப் போறிய?"

"ஒண்ணும் செய்யல. சும்மாத்தான் இருக்கப் போறேன்," என்றார் அவர், கொஞ்சம் பயத்தோடு.

"அப்பச் சட்டையைப் போடுங்க. ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். நான் போயி ரொம்ப நாளாச்சு."

வண்டி வைத்துக்கொண்டு போனார்கள். நல்ல சாரல். ஆண்கள் பக்கம் அவர் சீக்கிரமே குளித்துவிட்டு வந்து, அவளுடைய மாற்றுச் சேலையை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கத்துப் படியருகே நின்றார். அவள் வருகிற வழியைக் காணோம். அவளை 'எப்ப வருவ?' என்று கூப்பிட்டுக் கேட்காமல், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "உள்ள கூட்டம் ரொம்பவா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.